பிழை யார் தலையில்? தொலைவழிக் கல்விக் காலத்தில் மார்க் போட்ட கணக்கு

ஒரு மாணவிக்கு ஐந்து அசைன்மென்ட். நான்கில் தலா 80 மார்க். ஐந்தாவது வந்து சேரவில்லை. ஆசிரியர் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடுகிறார். கூட்டி ஐந்தால் வகுத்தால் 64.

இந்த 64 எதைச் சொல்கிறது? பாடம் 80 அளவுக்குத் தெரியும் என்று அவள் நான்கு முறை காட்டிவிட்டாள். 64 அளவுக்குத் தெரியும் என்று ஒருமுறைகூடக் காட்டவில்லை. எந்த நாளிலும் அவள் எடுக்காத ஒரு மார்க், அவளுடைய மார்க்காகப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

பள்ளி நடக்கும் காலத்தில் இது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. மறுநாள் காலை "ஏம்மா, நோட்டு எங்கே?" என்று கேட்டால் பதில் வந்துவிடும். காய்ச்சலா, மறதியா, சோம்பலா என்பது முகத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கும்போது ஆசிரியருக்கு மிஞ்சுவது காலிக் கட்டம் மட்டும். டேட்டா தீர்ந்துபோனதா, வீட்டில் இருக்கும் ஒரே போனை அண்ணன் எடுத்துக்கொண்டு போனானா, அனுப்பிய படம் பாதியில் நின்றதா, எழுதவே இல்லையா? நான்குக்கும் ஒரே காலிக் கட்டம்தான்.

2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி, கல்லூரி மூடியிருந்தது என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அந்த ஆண்டின் இறுதியில் யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்றது அது. உலகத்தின் மதிப்பெண் பட்டியல்களில் எத்தனை காலிக் கட்டங்கள் விழுந்திருக்கும் என்று இதைவைத்து ஊகித்துக்கொள்ளலாம். ஆனாலும் ஆண்டு முடிவில் மார்க் வேண்டும். அடுத்த வகுப்புக்கு வேண்டும், கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டும்.

அந்த இரண்டு ஆண்டுகளில் பள்ளிகளும் தேர்வு வாரியங்களும் கண்டுபிடித்த வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பிழை இல்லாத முறை யாருக்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பிழையை வேறு வேறு ஆட்கள் தலையில் இறக்கிவைத்தது. எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம், யார் தலையில் இறக்குவது என்ற விவாதமாகத்தான் இருந்தது. அப்படி வெளிப்படையாகப் பேசியவர்கள் குறைவு.

ஒரு எண்ணுக்கு எத்தனை வேலை

மார்க் என்ற ஒற்றை எண்ணை நாம் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். எங்கே தடுமாறுகிறாய் என்று பிள்ளைக்குச் சொல்வது ஒரு வேலை. கல்வியியலில் இதற்கு வளரறி மதிப்பீடு என்று பெயர். ஆண்டு முடிவில் எவ்வளவு கற்றிருக்கிறான் என்று வெளியாட்களுக்குச் சொல்வது இன்னொன்று, அது தொகுத்தறி மதிப்பீடு. பாடத்திட்டத்தில் எங்கும் எழுதாத மூன்றாவது வேலையும் உண்டு: மிரட்டல். "மார்க் போயிடும்" என்ற பயத்தில்தான் பாதி வீட்டுப்பாடங்கள் எழுதப்படுகின்றன. இதை ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பறையில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்தே இருந்தன. அந்தக் கலவை துல்லியமாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்து 142 பள்ளி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். வந்த மார்க் 64 முதல் 98 வரை. மொழிப்பாடம் அப்படித்தான் இருக்கும், கணக்கென்றால் இப்படி ஆகாது என்று சிலர் சொல்லவே, அடுத்த ஆண்டு ஒரு வடிவியல் விடைத்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த முறை 28 முதல் 95 வரை. பழைய மார்க் ஏதோ தராசில் நிறுத்தது போலவும், கொரோனா வந்துதான் அதைக் கெடுத்தது போலவும் பேசுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம்.

தொலைவு செய்தது வேறு. கலந்திருந்ததைப் பிரித்துக் காட்டிவிட்டது. மார்க்குக்குள் அறிவு எவ்வளவு, ஒழுங்காக வேலையை அனுப்பிய பழக்கம் எவ்வளவு, வீட்டின் வசதி எவ்வளவு என்பது தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. தெரிந்த பிறகு தெரியாதது போல் மார்க் போடுவது கடினம்.

பாடம் ஊர்விட்டு ஊர் போகும், தேர்வு போகாது

தொலைவிலிருந்து படிப்பது 2020இல் புதிதாக வந்ததல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே யார் எங்கே படித்திருந்தாலும் தன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951 முதல் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பண்ணைகளில் வாழும் பிள்ளைகளுக்கு வானொலி வழியே பள்ளி நடந்தது.

இவற்றில் ஒரு பொது அம்சம் இருந்தது. அஞ்சல்வழிப் படிப்புகளில் பாடம் தபாலில் போகும், ஒப்படைப்பு தபாலில் வரும், ஆனால் முக்கியமான தேர்வு என்று வந்தால் மாணவர் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னால் வந்து உட்கார வேண்டும். எழுதியது அவர்தானா என்ற கேள்வியை அந்த மேஜையும் நாற்காலியும் தீர்த்துவைத்தன. ஆஸ்திரேலிய வானொலிப் பள்ளியிலும் பிள்ளையின் பக்கத்தில் தாயோ ஒரு வீட்டு ஆசிரியையோ இருப்பார். பள்ளிக்கு இன்னொரு ஜோடிக் கண்கள் அங்கே இருந்தன.

2020இல் பாடமும் வீட்டுக்குப் போனது, தேர்வும் வீட்டுக்குப் போனது. வீட்டில் யாருக்கும் எந்தப் பயிற்சியும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த நோட்டுப் படங்களைத் திருத்தியவர்களுக்கு இந்த அனுபவம் புரியும்: கையெழுத்து பிள்ளையுடையது, வாக்கிய அமைப்பு அம்மாவுடையது, விடை பக்கத்து வீட்டு அக்காவுடையது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒப்படைப்பில் இப்படி இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், வீட்டில் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சந்தோஷமும் படலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அது இடம் கிடைக்கும், கிடைக்காது என்ற கேள்வி.

யாருக்கும் குறையாது, பிறகு எல்லாருக்கும் குறைந்தது

அன்றாட மார்க் விஷயத்தில் முதல் சில மாதங்களில் பல இடங்களில் ஒரே மனநிலை இருந்தது. "பிள்ளைகள் மேல் பழி வேண்டாம்." அமெரிக்காவில் இதை ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் போக்கில் செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகள், 2020 மார்ச் 13 அன்று ஒரு மாணவருக்கு என்ன கிரேடு இருந்ததோ அதற்குக் கீழே இறக்கக் கூடாது, யாரையும் ஃபெயிலாக்கவும் கூடாது என்றன. சியாட்டிலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இரண்டே வாய்ப்புகள்: ஒன்று 'ஏ' கிரேடு, இல்லையென்றால் 'இன்னும் முடிக்கவில்லை'. பிரான்சில் கல்வி அமைச்சர், ஊரடங்கு நாட்களில் எடுத்த மார்க், பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவின் தேர்ச்சிக்குக் கணக்கில் வராது என்று அறிவித்தார். வகுப்புகளில் கலந்துகொண்டார்களா என்பது மட்டும் பார்க்கப்படும் என்றார். அந்த ஆண்டு பக்கலோரியாவில் தேர்ச்சி 95.7 சதவீதம். முந்தைய ஆண்டு 88.1.

நியாயமான முடிவுகள்தான். ஆனால் மார்க்கின் மூன்றாவது வேலை இங்கே கையைவிட்டுப் போனது. இனிமேல் குறையாது என்று தெரிந்ததும் ஒரு பகுதி மாணவர்கள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார்கள். பதினாறு வயதில் நானாக இருந்தாலும் துண்டித்திருப்பேன்.

அதைப் பார்த்துவிட்டு, புதிய கல்வியாண்டு தொடங்கியதும் அமெரிக்காவின் பல மாவட்டங்கள் வழக்கமான மதிப்பீட்டுக்குத் திரும்பின. வகுப்பு இன்னும் திரையில்தான், மார்க் மட்டும் பழையபடி. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் பெரிய மாவட்டம். அங்கே 2020 இலையுதிர் பருவத்தின் முதல் காலாண்டைப் பற்றி அவர்களே ஓர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களில் தோல்வியடைந்த நடுநிலை, உயர்நிலை மாணவர்கள் முந்தைய ஆண்டு 6 சதவீதம், இந்த ஆண்டு 11. சராசரியைவிட அதன் உள்விவரம் முக்கியமானது. முன்பு நன்றாகப் படித்தவர்கள் திரையிலும் நன்றாகவே படித்தார்கள். முன்பே தடுமாறியவர்கள் அதலபாதாளத்துக்குப் போனார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளிடமும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளிடமும் தோல்வி இரட்டிப்புக்கு மேல் ஆனது.

ஆறு மாத இடைவெளியில் ஒரே நாட்டில் இரண்டு எல்லைகளையும் பார்த்துவிட்டோம். மார்க்கைத் தளர்த்தினால், படிக்க ஆசைப்பட்டு மெனக்கெட்டவனின் உழைப்புக்குத் தனி அடையாளம் இல்லை. இறுக்கினால், வசதியில்லாத வீட்டின் சுமை பிள்ளையின் பட்டியலில் சிவப்பாக விழுகிறது.

இதற்கிடையில் சில பள்ளிகள் எண்ணுவதற்கு எளிதானதை எண்ணத் தொடங்கின. எத்தனை நிமிடம் லாகின் செய்திருந்தான், கேமராவை ஆன் செய்தானா, ஃபார்மை எத்தனை மணிக்கு அனுப்பினான். இவையெல்லாம் கணினி தானாகவே பதிந்துவைக்கும் விவரங்கள், அதனால் துல்லியம் போலத் தோன்றும். ஆறு பேர் வாழும் ஒற்றை அறை வீட்டில் கேமராவை ஆன் செய்யத் தயங்குகிற பெண்பிள்ளைக்கும், கேமராவை அணைத்துவிட்டு கேம் விளையாடுகிற பையனுக்கும் அந்தப் பதிவில் வித்தியாசம் இல்லை. வருகைப்பதிவை வருகைப்பதிவாக வைத்திருப்பதில் தவறில்லை. அதை இயற்பியல் மார்க்கோடு கூட்டும்போதுதான் கணக்கு கெடுகிறது.

வீட்டிலேயே பரீட்சை

தேர்வையே வீட்டுக்கு அனுப்பிய பெரிய முயற்சி, அமெரிக்காவின் காலேஜ் போர்டு 2020 மே மாதம் நடத்திய ஏ.பி. தேர்வுகள். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி அளவிலான பாடம் எடுப்பவர்களுக்கானவை இவை. வழக்கமாக மூன்று மணி நேரம் வரை போகும் தேர்வை 45 நிமிடமாகச் சுருக்கினார்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்றார்கள். தாளில் எழுதிப் படமெடுத்து ஏற்றலாம்.

புத்தகத்தைத் திறக்க அனுமதித்தது புத்திசாலித்தனம். தடுக்க முடியாததைத் தடை செய்தால் நேர்மையான பிள்ளைக்கு மட்டும்தான் தண்டனை. ஆனால் மாட்டிக்கொண்டது எதிர்பாராத இடத்தில். ஐபோன்கள் படத்தை ஹெச்.இ.ஐ.சி. என்ற வடிவத்தில் சேமிக்கும். தேர்வுத் தளம் அந்த வடிவத்தை ஏற்கவில்லை. கடைசி நிமிடத்தில் ஏற்றிய படம் ஏறாமல் நிற்க, எழுதிய விடை கையிலேயே இருக்க, நேரம் முடிந்துபோனது. மறுதேர்வு எழுதுங்கள் என்றார்கள். கூச்சல் கிளம்பியதும், இரண்டாவது வாரத்திலிருந்து படம் ஏறாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று ஒரு வழி திறந்தார்கள். கால்குலஸ் தெரிந்த ஒருவர் கோப்பு வடிவம் தெரியாததால் தவறுவது தொலைவழித் தேர்வுக்கே உரிய விசித்திரம்.

கேமரா வழியே கண்ணின் அசைவைக் கண்காணிக்கும் மென்பொருள்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. கீழே குனிந்து யோசிப்பவரை அவை சந்தேகிக்கும், திரைக்குப் பின்னால் தாளை ஒட்டிவைத்தவரை விட்டுவிடும்.

வீட்டுத் தேர்வில் உருப்படியாக மாறியது கேள்வித்தாள்தான். "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று கேட்டால் நாற்பது தாளிலும் ஒரே வரி வரும். "உன் வீட்டு ஜன்னலில் இருக்கும் செடியை மூன்று நாள் அலமாரிக்குள் வைத்தால் என்ன ஆகும், ஏன்?" என்றால் வரும் பதில்களில் கொஞ்சமாவது அந்தந்தப் பிள்ளை தெரியும். இப்படிக் கேள்வி தயாரிக்க நேரம் பிடிக்கும், திருத்த இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

இங்கிலாந்தின் ஐந்து நாட்கள்

பொதுத்தேர்வே நடக்காத ஆண்டில் பொதுத்தேர்வு மார்க் எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு மிகவும் நுணுக்கமாக யோசித்துப் பதில் தயாரித்தது இங்கிலாந்து. மிகவும் மோசமாக விழுந்ததும் அதுதான்.

திட்டம் இதுதான். ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு மாணவரும் தேர்வு எழுதியிருந்தால் என்ன கிரேடு வாங்கியிருப்பார் என்று கணித்து அனுப்ப வேண்டும். கூடவே, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை வரிசைப்படுத்தியும் அனுப்ப வேண்டும். தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் அந்தக் கணிப்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டு முடிவுகளோடு வைத்துச் சரிசெய்யும்.

ஏன் சரிசெய்ய வேண்டும்? ஆசிரியர்கள் பொய் சொல்வார்கள் என்பதாலா? அப்படி நினைப்பது தவறு. ஒரு வகுப்பில் இரண்டு கிரேடுகளின் எல்லைக் கோட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு நாளில் அவர்களில் இரண்டு பேர் சறுக்குவார்கள்: ஒருவருக்குத் தலைவலி, ஒருவர் கேள்வியைத் தவறாகப் படித்துவிடுவார். இரண்டு பேர் சறுக்குவார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். எந்த இருவர் என்று எப்படிச் சொல்வது? ஐந்து பேருக்கும் மேல் கிரேடைத்தான் போடுவார். ஒவ்வொரு கணிப்பும் தனித்தனியாக நேர்மையானது. நாடு முழுவதும் கூட்டினால் வீக்கம்.

வீக்கத்தைக் குறைக்க, கணினி பள்ளியின் பழைய முடிவுகளில் இருந்து ஒரு அச்சை எடுத்தது. இத்தனை பேர் 'ஏ', இத்தனை பேர் 'பி', இத்தனை பேர் தோல்வி. இந்த ஆண்டு மாணவர்களின் முந்தைய தேர்வு முடிவுகளைப் பார்த்து அந்த அச்சைச் சற்றே மாற்றியது. பிறகு பள்ளி அனுப்பிய வரிசைப்படி மாணவர்களை அதில் அடுக்கியது. வகுப்பு பெரிதாக இருந்தால் ஆசிரியர் போட்ட கிரேடு கணக்கிலேயே வராது, வரிசை மட்டும்தான். முந்தைய ஆண்டுகளில் இந்தப் பள்ளியில் இந்தப் பாடத்தில் வழக்கமாக ஒருவர் ஃபெயில் ஆனார் என்றால், இந்த ஆண்டு வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு ஃபெயில் விழும் வாய்ப்பு இருந்தது. அவர் எழுதாத தேர்வில், அவர் பார்த்திராத முன்னாள் மாணவர் ஒருவரின் தோல்வியை அவர் வாங்கிக்கொள்வார். அதே கணக்கில், இதுவரை யாரும் உச்ச கிரேடு வாங்காத பள்ளியில் முதன்முறையாக ஒரு பிள்ளை அபாரமாகப் படித்தாலும் அவருக்கு இடம் இல்லை. அச்சில் அந்தக் குழியே கிடையாது.

சிறிய வகுப்புகளில் புள்ளியியல் வேலை செய்யாது என்பதால் ஐந்து பேர் வரை உள்ள குழுக்களுக்கு ஆசிரியர் கிரேடை அப்படியே விட்டார்கள். கணிதப்படி சரியான முடிவு. ஆனால் சிறிய வகுப்புகள் எங்கே இருக்கும்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். அங்கே 'ஏ' மற்றும் அதற்கு மேல் வாங்கியவர்களின் பங்கு முந்தைய ஆண்டைவிட 4.7 சதவீதப் புள்ளி கூடியது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகப் படிக்கும் அரசு மேல்நிலைக் கல்லூரிகளில் கூடியது 0.3.

2020 ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தன. ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது: ஆசிரியர் கணிப்பு, கணினிக் கணக்கு, இரண்டில் எது அதிகமோ அது. ஸ்காட்லாந்து இந்தப் பள்ளத்தில் ஒரு வாரம் முன்பே விழுந்து எழுந்திருந்தது. அங்கே சுமார் 1,25,000 கிரேடுகள் குறைக்கப்பட்டு, ஆகஸ்ட் 11 அன்று திரும்பக் கொடுக்கப்பட்டன. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எழுதும் 'ஹையர்' நிலைத் தேர்வில் ஆசிரியர்கள் கணித்த தேர்ச்சி விகிதத்திலிருந்து மிக ஏழ்மையான பகுதி மாணவர்களுக்கு 15.2 புள்ளி வெட்டு, மிக வசதியான பகுதியினருக்கு 6.9 புள்ளி. பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்தும் லண்டன் நிற்கவில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத புதிர். பல நாடுகளில் நடக்கும் ஐ.பி. டிப்ளமா என்ற பள்ளி இறுதிப் படிப்பும் ஜூலை 5 அன்று இதேபோன்ற ஒரு சூத்திரத்தில் முடிவு வெளியிட்டு, அதே ஆகஸ்ட் 17இல் திருத்தியது.

நாட்டின் சராசரி முந்தைய ஆண்டைப் போல இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சூத்திரத்தின் குறிக்கோள். அதை அது செய்தும் காட்டியது. சராசரியைக் காப்பாற்றியதற்கான விலையைத் தனி ஆட்கள் கொடுத்தார்கள்.

இறந்தகாலத்தைக் கூட்டிப் பார்த்தல்

2021இல் இந்தியாவின் சி.பி.எஸ்.இ. வேறு திசையில் போனது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1 அன்று ரத்தானது. அடுத்த இரண்டு வாரங்களில் 30:30:40 என்ற விகிதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பத்தாம் வகுப்பில் சிறந்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 30, பதினொன்றாம் வகுப்புக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பின் பருவத் தேர்வுகளுக்கும் மாதிரித் தேர்வுக்கும் 40. செய்முறை, அகமதிப்பீடு தனி. தமிழ்நாட்டு மாநில வாரியம் பிளஸ் டூவுக்கு வகுத்தது 50:20:30. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்குப் பாதி, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்வுக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு வாரியமும் எதை நம்பியது என்பது தெரிகிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2019இல், பள்ளியில் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். திரை வழியே வந்த எந்த மார்க்கையும்விட அந்தப் பழைய மார்க் நம்பகமானது என்று வாரியம் பாதி எடையை அங்கே வைத்தது. தொலைவுக் காலத்தின் அசமத்துவம் உள்ளே வராமல் தடுக்க இது நல்ல வழி. ஆனால் பதினைந்து வயதில் விளையாட்டுத்தனமாக இருந்துவிட்டு, பதினேழு வயதில் விழித்துக்கொண்டு படித்த பிள்ளைக்கு இதில் இடம் இல்லை. சமூக அறிவியலில் வாங்கிய மார்க் வேதியியல் மார்க்குக்குள் வந்து உட்கார்ந்த விநோதமும் நடந்தது.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் கொடுக்கும் மார்க் தாறுமாறாக ஏறாமல் இருக்க ஒரு கடிவாளமும் போட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி மிகச் சிறப்பாகச் செய்த ஆண்டை எடுத்துக்கொண்டு, அதன் சராசரியை ஒட்டியே இந்த ஆண்டு மார்க் இருக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தின் அச்சுக்கு இது தூரத்து உறவு. ஆனால் கணினி தனக்குள்ளேயே அடுக்காமல், பள்ளியின் குழுவே யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுத்தது. தவிர, மூன்றில் மோசமான ஆண்டை விட்டுச் சிறந்த ஆண்டை எடுத்தார்கள். ஃபெயில் என்ற குழி ஏறக்குறைய இல்லை. அந்த ஆண்டு தேர்ச்சி 99.37 சதவீதம், அதற்கு முந்தைய ஆண்டு 88.78. இங்கேயும் குறைகள் சொல்லப்பட்டன, வழக்குகள் வந்தன. ஆனால் இங்கிலாந்து கண்ட கொந்தளிப்பு இல்லை. பிழையைப் பரவலாகத் தூவினால் யாருக்கும் அது தன் பிழையாகத் தெரியாது என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வீங்கிய மார்க்கின் பில் யாருக்கு

ஆசிரியர் கணிப்பையே இறுதி மார்க்காக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் எண்கள் இருக்கின்றன. பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் 'ஏ' அல்லது அதற்கு மேல் வாங்கியவை 2019இல் 25.4 சதவீதம். 2020இல் 38.6. ஆசிரியர்களே முழுமையாக மதிப்பிட்ட 2021இல் 44.8. பிறகு தேர்வு திரும்பியது, 2022இல் 36.4, 2023இல் 27.2.

இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு தலைமுறையே நனைந்தது. 2023இல் எழுதியவர்களின் பதினாறு வயதுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ., 2021இல் நடக்கவே இல்லை. அவர்கள் முதன்முதலாகப் பொதுத்தேர்வு அறைக்குள் காலடி வைத்தது ஏ-லெவலுக்குத்தான். அதே ஆண்டுதான் கிரேடுகளைப் பழைய அளவுக்கு இறக்க முடிவு செய்தார்கள். இரண்டு ஆண்டு மூத்தவருக்குக் கிடைத்த தாராளம் இவருக்கு இல்லை. மூத்தவர் வாங்கிய 'ஏ'வும் இவர் வாங்கிய 'ஏ'வும் வேலைக்கு ஆளெடுப்பவரின் மேஜையில் ஒரே 'ஏ'தான்.

எல்லோருக்கும் தேர்ச்சி என்பது இதன் நீட்சி. தமிழ்நாட்டில் 2020இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதமும் வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்து எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்தார்கள். காலாண்டும் அரையாண்டும் பிள்ளைகள் ஒத்திகையாக நினைத்து எழுதிய தேர்வுகள். ஒத்திகையைப் படம்பிடித்து அதையே படமாக வெளியிட்டது போல் ஆனது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க்கே இல்லை, தேர்ச்சி என்ற ஒரு சொல் மட்டும். எனக்கு இதில் இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது. அளக்கவில்லை என்பதை அது ஒளிக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்க்கும் அடுத்த அலுவலகத்துக்கு ஏதோ ஒரு எண் வேண்டும், அது இல்லாததால் தானே ஒரு தேர்வு வைக்கும். அளக்கும் வேலை அங்கே தள்ளிப்போனது.

சீனாவும் தென்கொரியாவும் இந்தச் சிக்கலுக்குள் நுழையவே இல்லை. சீனா காவ்காவ் என்ற தன் கல்லூரி நுழைவுத் தேர்வை ஒரு மாதம் தள்ளி 2020 ஜூலையில் நடத்தியது. கொரியா தன் நுழைவுத் தேர்வை இரண்டு வாரம் தள்ளி டிசம்பர் 3 அன்று நடத்தியது. காத்திருக்க முடிந்தால் காத்திருப்பதே சிறந்த மதிப்பீட்டு முறை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் பிள்ளைகள் திரை வழியே படித்துவிட்டுத்தான் தேர்வறைக்குள் போனார்கள். வீட்டின் வேறுபாடு விடைத்தாளுக்குள் ஏற்கெனவே இருந்தது, தேர்வு அதை முத்திரை குத்திக் கொடுத்தது.

காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது

வாரியங்களின் பெரிய கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும். மழை, வெள்ளம், தொற்று என்று ஏதோ ஒரு காரணத்தால் பள்ளி மீண்டும் சில வாரம் வீட்டுக்குப் போகும்போது, ஒரு ஆசிரியர் தன் பதிவேட்டில் என்ன செய்யலாம்? கட்டுரையின் தொடக்கத்தில் இருந்த மாணவியையே எடுத்துக்கொள்வோம்.

அந்த ஐந்தாவது கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 'வரவில்லை' என்று எழுதலாம். பூஜ்யம் என்றால் எழுதினாள், ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். 'வரவில்லை' என்றால் எனக்கு இன்னும் தெரியாது என்று அர்த்தம். சியாட்டில் செய்ததில் நல்ல பாதி இதுதான். ஒழுங்காக அனுப்பும் பழக்கத்துக்கு மதிப்பு கொடுக்க வேண்டும் என்றால், அதற்குப் பட்டியலில் தனியாக ஒரு பத்தி போடலாம், பாட மார்க்கோடு கூட்ட வேண்டியதில்லை. சராசரிக்குப் பதில் கடைசியாகச் செய்த வேலையைப் பார்க்கலாம். ஜூனில் தெரியாமல் இருந்தது செப்டம்பரில் தெரிந்துவிட்டால், தெரியும் என்பதுதானே செய்தி, இரண்டையும் கூட்டிப் பாதி தெரியும் என்று எழுதுவானேன்?

எழுதியது யார் என்ற சந்தேகத்துக்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நம்பகமான கருவிதான் உண்டு. கேமராவோ மென்பொருளோ இல்லை, சாதாரணப் போன் அழைப்பு. "இந்த மூன்றாவது கணக்கை எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். டேட்டா வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். ஏன் ஐந்தாவது வரவில்லை என்பதும் அதே அழைப்பில் வந்துவிடும்.

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், ஒரு ஆசிரியருக்கு ஐந்து வகுப்புகள் என்றால் ஒரு சுற்று முடிக்க 400 நிமிடம். ஏறக்குறைய ஏழு மணி நேரம். அதுவும் எல்லாரும் முதல் அழைப்பிலேயே எடுத்தால். போன் இருக்கும் பெரியவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான்.